பனியில் எஞ்சிய செந்நிற வாயில்: கவாசே ஹசுயியின் வாழ்வும் கலையும்

1923ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் முதலாம் திகதி, சனிக்கிழமை. நேரம் முற்பகல் 11.58. ஜப்பானின் தலைநகரான டோக்கியோவிலும் அதன் துறைமுக நகரான யொகோஹாமாவிலும் மதிய உணவுக்காக வீடுதோறும் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. சகாமிக் குடாவின் அடியில், பிலிப்பைன்ஸ் கடல் புவித்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து அமிழ்கின்ற இடத்தில், பல ஆண்டுகளாகத் தேங்கியிருந்த அழுத்தம் ஒரு கணத்தில் விடுபட்டது. 7.9 அளவிலான அந்தப் பூகம்பம் நகரை உலுக்கியது. ஆனால் மக்களைப் பெருமளவில் கொன்றது பூகம்பமன்று. அதனைத் தொடர்ந்த தீயாகும். கவிழ்ந்த அடுப்புகளிலிருந்து எழுந்த நெருப்பு, அன்றைய தினம் வீசிய பலத்த காற்றின் துணையோடு மரவீடுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றிக்கொண்டது. ஹொன்ஜோ பகுதியில் இராணுவ ஆடைக் களஞ்சியம் இருந்த திறந்த வெளியில் தஞ்சம் புகுந்தவர்களுள் ஏறத்தாழ 38,000 பேர் தீச்சுழலில் சிக்கி மாண்டனர். தீ முற்றாக அணைய இரண்டு நாட்களாயின. மாண்டோரும் காணாமற்போனோருமாக ஏறத்தாழ 105,000 பேர் கணக்கிடப்பட்டனர்.

இப்பேரழிவில் வீடிழந்த இலட்சக்கணக்கானோருள் நாற்பது வயதுடைய ஓவியர் ஒருவரும் இருந்தார். கவாசே ஹசுயி என்பது அவரது பெயர். நாடெங்கும் நடந்து திரிந்து அவர் வரைந்து நிரப்பியிருந்த 188 குறிப்போவியப் புத்தகங்கள் அன்று சாம்பலாயின. அவரது படைப்புகளை அச்சிட்டு வெளியிட்டு வந்த வத்தனபே ஷோசபுரோவின் கடையும், அங்கிருந்த மரப்பலகைகளும், விற்பனைக்கென அடுக்கப்பட்டிருந்த அச்சுப் பிரதிகளும் அதே தீயில் அழிந்தன. ஓவியரின் கைவசம் மூலப்பிரதியில்லை. வெளியீட்டாளரின் கைவசம் அச்சுப்பலகையில்லை. ஒரு கலைஞனின் கடந்தகாலம் முழுவதுமே துடைத்தெறியப்பட்ட நிலை அது.

ஆயினும் இன்று உலகின் பெரும் நூதனசாலைகளில் ஹசுயியின் பெயரைத் தாங்கி நிற்கும் படைப்புகளுள் பெரும்பாலானவை அந்தத் தீக்குப் பின்னர் பிறந்தவையே. இயற்கையின் சீற்றத்தால் அனைத்தையும் இழந்த ஒருவர், அதன் பின்னரும் முப்பதாண்டுகளுக்கு மேலாக அதே இயற்கையையே வரைந்துகொண்டிருந்தார். மழையையும் பனியையும் காற்றையும் நிலவையும் அவர் பகைக்கவில்லை. இந்த வாழ்வு அறியத்தக்கதாக அமைவது இதனாலேயே.

ஹசுயி 1883ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் திகதி டோக்கியோவின் ஷிபா பகுதியில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் புன்ஜிரோ. தந்தையார் கயிறும் நூலும் பட்டுப் பின்னல் நாடாக்களும் விற்கும் வணிகர். தாய்வழி மாமனான கனககி ரொபுன் அக்காலத்தில் பெயர்பெற்ற நகைச்சுவை எழுத்தாளரும் பத்திரிகையாளருமாவார். ஜப்பானில் கேலிச்சித்திரச் சஞ்சிகைகளுக்கு வித்திட்டவர்களுள் ஒருவராகவும் ரொபுன் கருதப்படுகிறார். ஒருபுறம் கடைக் கணக்கு, மறுபுறம் எழுத்தும் சித்திரமும் என்ற இருவேறு உலகங்களுக்கு இடையில் வளர்ந்த சிறுவனின் மனம் இரண்டாவதன் பக்கமே சாய்ந்தது. சிறுபராயத்திலேயே ஆசிரியர்களிடம் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொண்டார். பழைய அச்சுப்படங்களைப் பார்த்து வரைந்து பழகினார்.

ஆனால் குடும்பம் அதனை விரும்பவில்லை. மூத்த மகன் கடையைப் பொறுப்பேற்க வேண்டுமென்பது அன்றைய வணிகக் குடும்பங்களின் எழுதாத சட்டம். விருப்பத்தை அடக்கிக்கொண்டு புன்ஜிரோ வியாபாரத்தில் ஈடுபட்டார். கலைஞர்களாக மலரக்கூடிய எத்தனையோ பேர் இவ்விதமாகவே கல்லாப்பெட்டிக்குப் பின்னால் வாழ்ந்து முடிகின்றனர். புன்ஜிரோவை அதிலிருந்து விடுவித்தது ஒரு தோல்வியாகும். குடும்பத் தொழில் நொடித்துப்போயிற்று. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. குடும்பத்துக்கு இழப்பாக வந்தது அவருக்கு வழியாக அமைந்தது.

அக்காலத்தில் ஜப்பானிய மரபு ஓவியத்தில் புகழ்பெற்றிருந்த கபுரகி கியொகதாவிடம் அவர் சென்று, தன்னை மாணவனாக ஏற்குமாறு வேண்டினார். கியொகதா உடனடியாக இணங்கவில்லை. மரபோவியம் பயில இருபத்தாறு வயது காலங்கடந்ததெனக் கருதி, மேலைத்தேய முறை ஓவியத்தைப் பயிலுமாறு அறிவுறுத்தினார். அந்த அறிவுரையை ஏற்று, ஒகாடா சபுரோசுகேயின் வழிகாட்டலில் தைல வண்ண முறையைக் கற்ற புன்ஜிரோ, பின்னர் மீண்டும் கியொகதாவின் வாசலிலேயே வந்து நின்றார். இம்முறை ஆசிரியர் மறுக்கவில்லை. ஹசுயி என்ற கலைப்பெயரும் அவரே சூட்டியதாகும். கவாசே என்ற குடும்பப் பெயர் ஆழமற்று விரைந்தோடும் ஆற்று நீரைக் குறிப்பது. ஹசுயி என்ற பெயரிலும் நீரைக் குறிக்கும் எழுத்து உண்டு. மழையும் ஆறும் கடலும் பனியும் வரையப் பிறந்தவருக்கு இதனைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்க முடியாது எனலாம்.

முதலில் கிடைத்த நிராகரிப்பு பின்னாளில் அவருக்கு வரமாகியது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. மேலைத்தேய ஓவியத்திலிருந்து ஒளி, நிழல், தூரம் என்பவற்றை அவர் கற்றுக்கொண்டார். கியொகதாவிடமிருந்து கோட்டின் நளினத்தைப் பெற்றார். இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்தபோதே பின்னர் நாம் காணும் ஹசுயி உருவானார். ஆனால் அந்தச் சேர்க்கைக்கு உரிய தளம் உடனே கிட்டவில்லை. சில ஆண்டுகள் சஞ்சிகைகளுக்குச் சித்திரம் வரைந்தும் விளம்பரச் சுவரொட்டிகள் தயாரித்தும் அவர் காலத்தை ஓட்டினார்.

இவ்விடத்தில் ஜப்பானிய மர அச்சுக்கலையின் அன்றைய நிலையைச் சிறிது நோக்குதல் அவசியமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அக்கலை உச்சத்தில் இருந்தது. ஹொகுசாயின் பேரலையும் ஹிரோஷிகேயின் மழைக்காட்சிகளும் அக்காலத்தவையே. எனினும் நாடு மேற்குலகுக்குத் திறந்துவிடப்பட்ட பின்னர், புகைப்படமும் கல்லச்சும் இயந்திர அச்சும் வந்து குவிந்தன. மரத்தில் செதுக்கிக் கையால் தேய்த்து அச்சிடும் தொழில் மெல்ல நலிந்தது. செதுக்குநர்களும் அச்சிடுநர்களும் வேலையிழந்தனர். ஐரோப்பாவின் பெரும் ஓவியர்கள் ஜப்பானிய அச்சுப்படங்களைத் தேடித்தேடிச் சேகரித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், பிறந்த மண்ணில் அக்கலை மூச்சுத்திணறிக்கொண்டிருந்தது.

அதற்குப் புத்துயிர் ஊட்ட முனைந்தவரே வத்தனபே ஷோசபுரோ. 1885இல் பிறந்த இவர், பழைய அச்சுப்படங்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் வணிகத்தில் ஈடுபட்டிருந்தவர். வெளிநாட்டவரின் இரசனையையும் உள்நாட்டுக் கைவினைஞரின் திறமையையும் ஒருங்கே அறிந்திருந்த அவர், பழையவற்றை மறுபடி அச்சிடுவதோடு நில்லாது, புதிய ஓவியர்களைக் கொண்டு புதிய படங்களை உருவாக்கத் துணிந்தார். புதிய அச்சுப்படம் என்ற பொருளில் ஷின் ஹங்கா என அம்முயற்சி பெயர்பெற்றது.

1918இல் ஹசுயியின் சக மாணவரான இத்தோ ஷின்சுயி, பீவா ஏரியின் எட்டுக் காட்சிகளை வத்தனபேயின் மூலம் வெளியிட்டார். அவற்றைக் கண்ட ஹசுயி தனக்குரிய பாதை இதுவே என்பதை உணர்ந்தார். தாமதமின்றி வத்தனபேயை நாடினார். சிறுவயதில் தனக்கு நன்கு பழக்கமாயிருந்த மலைப்பிரதேசமான ஷியோபராவை வைத்து அவர் வரைந்த மூன்று காட்சிகள் அதே ஆண்டு வெளியாகின. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. அன்று தொடங்கிய ஓவியர், வெளியீட்டாளர் உறவு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், ஹசுயியின் இறுதிக்காலம் வரை நீடித்தது.

மர அச்சுப்படம் என்பது ஒரு தனிமனிதனின் ஆக்கமன்று. ஓவியர் வரைந்த கோட்டோவியத்தை மெல்லிய தாளில் பெற்று, செர்ரி மரப்பலகையில் குப்புற ஒட்டி, கோடுகளை மாத்திரம் விட்டு ஏனையவற்றைச் செதுக்குநர் அகற்றுவார். அந்த முதற்பலகையிலிருந்து எடுக்கப்படும் பிரதிகளில் எந்த நிறம் எங்கு வரவேண்டுமென ஓவியர் குறிப்பார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பலகை செதுக்கப்படும். பின்னர் அச்சிடுநர், நீரில் கரைத்த நிறத்தைத் தூரிகையால் பலகையிற் பூசி, ஈரமாக்கிய தாளை அதன்மேல் வைத்து, மூங்கில் மடலால் மூடிய வட்டத் தட்டினால் தேய்த்து நிறத்தைத் தாளில் இறக்குவார். பலகையின் ஓரத்தில் வெட்டப்பட்ட சிறிய அடையாளங்களே, ஒரு நிறத்தின் மேல் மற்றொரு நிறம் இம்மியும் விலகாது பதிவதற்குத் துணைசெய்கின்றன. வானம் மேலே கருநீலமாகவும் கீழே வெளிறியும் தோன்றவேண்டுமாயின், பலகையில் நிறத்தைத் துடைத்துக் கரைக்கும் நுட்பம் அச்சிடுநரின் கையில்தான் உண்டு.

இத்தொழிலில் பனியைக் காட்டுவதே மிகக் கடினமான காரியம். வெண்பனிக்குப் பெரும்பாலும் நிறமே கிடையாது. தாளின் இயல்பான வெண்மைதான் பனியாகத் தோன்றுகிறது. காற்றில் பறக்கும் ஒவ்வொரு பனித்துகளும் வெண்மையாகத் தெரியவேண்டுமாயின், அந்த இடத்தில் பதியக்கூடிய எல்லா நிறப்பலகைகளிலும் அதே புள்ளி செதுக்கி அகற்றப்பட வேண்டும். ஒரு பலகையில் ஒரு புள்ளி தவறினாலும் பனி கறைபடும். எதையும் பூசாமல், இருப்பதை அகற்றுவதன் மூலமே பனி பெய்கிறது. ஹசுயி தமது வாழ்நாளில் திரும்பத் திரும்பத் தெரிந்தெடுத்த காட்சி இதுவென்பது அவரது கைவினைஞர்கள் மீது அவர் வைத்திருந்த நம்பிக்கையையும் புலப்படுத்துகின்றது.

1919 முதல் 1923 வரையான காலப்பகுதியில் ஹசுயியின் புகழ் வளர்ந்தது. பயணங்களின் நினைவாக வெளியான தொகுதிகளும், டோக்கியோவின் பன்னிரண்டு காட்சிகளும் அக்காலத்தவை. 1920இல் வெளியான தெராஷிமாக் கிராமத்தின் மாலைப் பனி இன்றும் போற்றப்படும் படமாகும். கண்பார்வை குறைந்த, உடல்நலம் அவ்வளவாக வாய்க்காத அந்த மனிதர், தடித்த மூக்குக்கண்ணாடியுடனும் குறிப்பேட்டுடனும் புகையிரதத்திலும் கால்நடையாகவும் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் சுற்றினார். பகலில் பார்த்ததை அங்கேயே நின்று வரைவார்; இரவில் தங்குமிடத்தில் அமர்ந்து நிறந்தீட்டுவார். இவ்வாறு சேர்ந்தவையே 1923இல் எரிந்துபோன அந்த 188 புத்தகங்கள்.

அனைத்தையும் இழந்து நின்ற ஹசுயிக்கு வத்தனபே கூறிய வழி எளிமையானது. மீண்டும் புறப்படுங்கள், மீண்டும் வரையுங்கள் என்பதே அதன் சாரம். தானும் யாவற்றையும் இழந்திருந்த வணிகர் ஒருவர், இன்னும் வரையப்படாத படங்களை நம்பித் தமது எதிர்காலத்தைப் பணயம் வைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டின் ஒக்டோபர் மாதத்தில் ஹசுயி பயணமானார். ஜப்பான் கடலோரமாக அமைந்த ஹொகுரிகு, சனின் பகுதிகள் உட்பட 102 நாட்கள் அவர் அலைந்தார். அவரது வாழ்வின் மிக நீண்ட பயணம் அதுவே.

அவர் சென்ற பருவமும் திசையும் கவனிக்கத்தக்கவை. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வீசும் வறண்ட கடுங்குளிர்க் காற்று, ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அது மலைகளில் மோதும்போது மேற்குக் கரையெங்கும் ஆளுயரப் பனியாகக் கொட்டுகிறது. உலகில் மக்கள் செறிந்து வாழும் இடங்களுள் இத்துணை பனி பெய்யும் பிரதேசங்கள் மிகச் சிலவே. தீயினால் யாவற்றையும் இழந்தவர், உலகின் மிகக் கடுமையான பனியை நோக்கி நடந்து சென்றார். அங்கே பனியோடு வாழப் பழகிய மக்களையும், பனியின் சுமையைத் தாங்கி நிற்கும் கூரைகளையும் மரங்களையும் அவர் கண்டார். மறு ஆண்டின் தொடக்கத்தில் டோக்கியோ திரும்பியபோது அவரது குறிப்பேடுகள் மீண்டும் நிரம்பியிருந்தன.

அதன் பின்னர் 1925இல் வெளியானதே ஷிபாவின் சொஜோஜி விகாரை என்ற படம். டோக்கியோவின் இருபது காட்சிகள் என்ற தொகுதியைச் சேர்ந்த இப்படம், ஹசுயியின் படைப்புகளுள் மிக அதிகமாக விற்பனையானவற்றுள் ஒன்று என்பதுடன், அவரது பெயரைக் கேட்டதும் பலரது மனக்கண்ணில் தோன்றுவதும் அதுவே. பின்னணியில் செந்நிற வாயில் மண்டபம் கம்பீரமாக எழுந்து நிற்கிறது. அருகே ஒரு தேவதாரு மரத்தின் கிளைகள் பனியின் பாரத்தால் தாழ்ந்திருக்கின்றன. காற்று பனியைச் சாய்வாக விசிறியடிக்கிறது. அந்தக் காற்றை எதிர்த்துக் குடையை இறுகப் பற்றியவாறு கிமோனோ அணிந்த பெண்ணொருத்தி நடந்து செல்கிறாள். அவள் யார், எங்கே போகிறாள் என்பதொன்றும் நமக்குத் தெரியாது. அவள் நடந்துகொண்டிருக்கிறாள் என்பது மாத்திரமே தெரியும்.

ஹொகுசாயின் பேரலையில் மனிதர் படகினுள் குனிந்து ஒடுங்கியிருக்கின்றனர். அலை அவர்களை விழுங்கக் காத்திருக்கிறது. அங்கு இயற்கையின் ஆற்றல் ஒரே கணத்தின் அச்சமாக வெளிப்படுகிறது. ஹசுயியின் பனியில் அத்தகைய அச்சமில்லை. இயற்கையின் ஆற்றல் இங்கு அன்றாடமானது, தவிர்க்க முடியாதது. மனிதன் அதனை வெல்வதில்லை, அதனிடம் தோற்றுப்போவதுமில்லை. குடையைச் சற்றே சாய்த்துக்கொண்டு தன் வழியே போகிறான். பூகம்பத்துக்கு இரண்டாண்டுகள் கழிந்து, நகரம் இன்னும் தன்னை மீளக் கட்டிக்கொண்டிருந்த வேளையில் டோக்கியோவாசிகள் இப்படத்தைப் பார்த்தனர் என்பதை நினைவிற்கொண்டால், அந்தப் பெண்ணின் நடைக்கு வேறொரு பொருளும் கிட்டுகிறது.

அந்த வாயிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1622இல் கட்டப்பட்ட அது, தொக்குகாவா ஆட்சியாளர் அறுவரின் கல்லறைகளைக் கொண்ட விகாரையின் பிரதான நுழைவாயிலாகும். 1923ஆம் ஆண்டுப் பூகம்பம் அதனை வீழ்த்தவில்லை. ஹசுயி பிறந்ததும் அந்த விகாரை அமைந்திருக்கும் ஷிபா பகுதியிலேதான். ஆகவே அவர் வரைந்தது பயணிகளுக்கான ஒரு காட்சிப்பொருளை மாத்திரமன்று. தனது பிள்ளைப்பிராய உலகில் எஞ்சி நின்ற ஒன்றையுமாகும்.

இத்தொகுதியின் ஏனைய படங்களிலும் இதே பார்வையைக் காணலாம். 1926இல் வெளியான ஷின் ஓஹாஷிப் பாலத்தில் இரவு மழை கொட்டுகிறது. விளக்கொளி ஈரத் தரையில் மின்னுகிறது. அதே ஆண்டின் ஒச்சனோமிசுக் காட்சியில் கால்வாயின் இருகரையும் பனியில் மூழ்கிக் கிடக்கின்றன. 1930இல் வெளியான மகொமேயின் நிலவு, உயர்ந்த மரங்களின் பின்னே எழும் முழுமதியையும், ஒற்றை வீட்டின் சாளரத்தில் தெரியும் சிறு வெளிச்சத்தையும் காட்டுகிறது. 1932இல் வெளியான மயகவா மழையிலும் ஈரமும் இருளும் மனிதரின் சிறு விளக்குகளும் இணைகின்றன. இருள் எவ்வளவு பெரிதாயினும் எங்கோ ஒரு மூலையில் விளக்கொன்று எரிவது ஹசுயியின் வழக்கம்.

வெளிநாடுகளில் இப்படங்களுக்குப் பெரும் வரவேற்புக் கிட்டியது. 1930இலும் 1936இலும் அமெரிக்காவின் ரொலிடோ நகர நூதனசாலையில் நடைபெற்ற நவீன ஜப்பானிய அச்சுப்படக் கண்காட்சிகளில் ஹசுயியின் படைப்புகள் முக்கிய இடம் பெற்றன. றொபேட் முல்லர் என்ற அமெரிக்க மாணவர் 1931இல் ஹசுயியின் கியொசுப் பாலம் என்ற படத்தை வாங்கினார். அந்த ஒரு படத்தில் தொடங்கிய ஆர்வம், அவர் 2003இல் மறைந்தபோது நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுப்படங்களாக வளர்ந்திருந்தது. அவை பின்னர் வொஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சக்லர் கலைக்கூடத்தைச் சென்றடைந்தன. அப்பிள் கணினி நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஸ்டீவ் ஜொப்ஸும் ஹசுயியின் படங்களைச் சேகரித்தவரே.

எனினும் தாயகத்தில் விமர்சனங்களும் எழாமலில்லை. ஓவியரே செதுக்கி ஓவியரே அச்சிடவேண்டும், அதுவே உண்மையான படைப்பு என வாதிட்ட மற்றொரு இயக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அங்கு வளர்ந்து வந்தது. அவர்களது நோக்கில் ஷின் ஹங்கா என்பது வெளியீட்டாளரின் வணிகச் சரக்கு. வெளிநாட்டவருக்கென மெருகிட்ட பழைய ஜப்பான். தொழிற்சாலைகளும் மின்கம்பங்களும் போர் ஆயத்தங்களும் பெருகிக்கொண்டிருந்த நாட்டில், ஹசுயி காகிதக் குடைகளையும் ஓலைக் கூரைகளையும் வரைந்துகொண்டிருக்கிறார் என்பது குற்றச்சாட்டின் சாரம்.

இக்குற்றச்சாட்டை முற்றாகப் புறந்தள்ளிவிட முடியாது. 1923ஆம் ஆண்டுப் பூகம்பத்தை அடுத்து, கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற பொய் வதந்தி பரவியது. ஆயுதம் தாங்கிய காவற்குழுக்களும் படையினரும் பொலிஸாரும் ஆயிரக்கணக்கான கொரியர்களைக் கொன்றனர். இயற்கை செய்த அழிவுக்கு மேல் மனிதன் செய்த அழிவு அது. இயற்கையின் சீற்றத்துக்குக் காரணம் கற்பிக்க முடியாத வேளையில், அயலிலுள்ள சிறுபான்மையினரைப் பலிகொள்ளும் அவலம் எந்நாட்டுக்கும் அந்நியமானதன்று. டோக்கியோவின் இருபது காட்சிகளில் அதன் சுவடு கிடையாது. நகரின் இடிபாடுகள்கூட அங்கு முதன்மை பெறவில்லை. 1939இல் ஜப்பானின் ஆளுகைக்குட்பட்டிருந்த கொரியாவுக்குச் சென்று எட்டுக் காட்சிகளை ஹசுயி வரைந்தபோதும், அவை அமைதி தவழும் வாயில்களும் ஆறுகளுமாகவே அமைந்தன. அவரது தூரிகைக்கு இரங்கத் தெரிந்திருந்தது, கண்டிக்கத் தெரிந்திருக்கவில்லை. அவரை மதிப்பிடுகையில் இந்த எல்லையையும் சேர்த்தே நோக்கவேண்டும்.

அதேவேளை, அவரது அமைதியை வெறும் தப்பித்தலாகக் கொள்வதும் நேர்மையாகாது. தொழிலும் தலைநகரும் ஒரே நாளில் எரிந்துபோனதைக் கண்ட மனிதருக்கு, ஒரு பழைய கூரை இன்னும் நிற்கிறது என்பது சாதாரண செய்தியன்று. எரிந்துபோன 188 புத்தகங்களில் பதிவாகியிருந்த இடங்களுட் பல பின்னர் மாறிப்போயின. நிற்பவை என்றும் நிற்குமென அவர் நம்பவில்லை. அவற்றை அவர் திரும்பத் திரும்ப வரைந்தமைக்கு அதுவே காரணமெனக் கொள்ள இடமுண்டு. அவரது காட்சிகளின் அழகில் இழையோடும் துயரமும் அங்கிருந்தே வருகிறது.

அவரது அச்சம் பொய்க்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டுச் சந்தை மூடப்பட்டது; தாளும் நிறமும் அரிதாயின. 1945 மார்ச் மாதத்தில் ஒரே இரவில் நிகழ்ந்த அமெரிக்க விமானக் குண்டுவீச்சில் டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் மாண்டனர். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் இயற்கை மூட்டிய தீயை இம்முறை மனிதன் மூட்டினான். சொஜோஜி விகாரையின் பிரதான மண்டபமும் ஆட்சியாளர்களின் அலங்காரச் சமாதிகளும் அவ்வாண்டின் குண்டுவீச்சுகளில் எரிந்தன. செந்நிற வாயில் மாத்திரம் மறுபடியும் தப்பியது. போரின் இறுதிக்கட்டத்தில் தலைநகரை நீங்கிய ஹசுயி, தமது முதற்படங்களுக்குக் களமாயிருந்த ஷியோபராவிலேயே தஞ்சமடைந்தார்.

போர் ஓய்ந்த பின்னர், ஜப்பானில் நிலைகொண்டிருந்த அமெரிக்கப் படையினர் தாயகம் திரும்புகையில் அவரது படங்களை விரும்பி வாங்கிச் சென்றனர். நகரை எரித்த நாட்டினரே அந்நகரின் பனியையும் மழையையும் நினைவாக எடுத்துச்சென்றமை வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. 1950களின் தொடக்கத்தில், அழிந்துவரும் கைவினைகளைப் பாதுகாக்கும் பொறுப்பேற்ற அரசாங்கக் குழு, மர அச்சுக்கலையின் செய்முறையை முழுமையாக ஆவணப்படுத்தத் தீர்மானித்தது. அதற்கென ஹசுயியும் ஷின்சுயியும் தெரிவுசெய்யப்பட்டனர். ஓவியரோடு செதுக்குநரும் அச்சிடுநரும் சேர்ந்தே அக்கலையை உருவாக்குகின்றனர் என்பதும் இதன்மூலம் பதிவாகியது.

அந்தப் பணிக்கு நாட்டின் எந்தக் காட்சியையும் ஹசுயி தெரிந்தெடுத்திருக்கலாம். அவர் சென்றது மீண்டும் ஷிபாவின் அதே வாயிலுக்குத்தான். 1953இல் நிறைவேறிய சொஜோஜியின் பனி என்ற அப்படத்தில், கொட்டும் பனியில் ட்ராம் வண்டிக்காகக் குடைகளுடன் மக்கள் காத்துநிற்கின்றனர். 1925இல் ஒருத்தி தனியே நடந்தாள்; 1953இல் பலர் சேர்ந்து காத்திருக்கின்றனர். இடையில் ஒரு பேரழிவும் போரும் கழிந்திருந்தன. இரு படங்களிலும் வாயில் அவ்வாறே நிற்கிறது. இப்படத்தில் காகிதக் குடையோடு நில்லாது நகரத்தின் அன்றாடப் போக்குவரத்தும் இடம்பெற்றமை, பழைமையை மாத்திரம் வரைந்தவர் என்ற குற்றச்சாட்டுக்கு ஓரளவு விடையுமாகும்.

ஹசுயியின் இறுதிப்படம் 1957இல் உருவானது. வடகிழக்கு ஜப்பானின் ஹிரைசுமியில், 1124இல் கட்டப்பட்ட பொன்மண்டபம் அதன் பொருள். முன்னர் 1935இல் நிலவொளியில் வரைந்த அதே இடத்தை, இம்முறை அவர் பனியில் வரைந்தார். படிகளின் வழியே துறவியொருவர் தனியே மண்டபத்தை நோக்கி ஏறிச் செல்கிறார். இப்படம் அச்சில் நிறைவுறு முன்னரே, அவ்வாண்டு நவம்பர் மாதத்தில், தமது 74ஆவது வயதில் ஹசுயி காலமானார். எஞ்சிய பணியைச் செதுக்குநரும் அச்சிடுநரும் முடித்தனர். அவரது நினைவாக அதன் பிரதிகள் நண்பர்களுக்கு வழங்கப்பட்டன. ஐந்தாண்டுகளின் பின்னர் 1962இல் வத்தனபேயும் மறைந்தார்.

அறுநூறுக்கும் மேற்பட்ட அச்சுப்படங்களை ஹசுயி விட்டுச்சென்றார். அவற்றுட் பூகம்பத்துக்கு முற்பட்டவை மிக அரிதாகவே கிடைக்கின்றன. பலகைகள் எரிந்துபோனமையால் அவற்றை மீள அச்சிடவும் இயலாது. ஏனையவை உலகெங்கும் பரவியுள்ளன. பேரழிவுக்குப் பின் கட்டடங்களை மீளக் கட்டுவதற்குப் பணமும் திட்டங்களும் தேவைப்படுகின்றன. அதே அழிவு மனிதரின் நினைவுகளுக்கும் நிகழ்கிறது என்பதையும், அவற்றை மீட்கவும் ஒருவர் புறப்பட்டுச் சென்றாக வேண்டும் என்பதையும் சமூகங்கள் பெரும்பாலும் காலந்தாழ்த்தியே உணர்கின்றன. 1923இன் ஒக்டோபரில் வெறுமையான குறிப்பேட்டோடு பனிப்பிரதேசத்தை நோக்கி அந்த ஓவியர் புறப்பட்டபோது, அவர் செய்தது அந்தப் பணியையே. சொஜோஜியின் வாயில் இன்றும் ஷிபாவில் நிற்கிறது. டோக்கியோவில் பனி பெய்யும் அரிதான நாட்களில், குடையைச் சாய்த்துக்கொண்டு மக்கள் இன்றும் அதனைக் கடந்து செல்கின்றனர்.